உறங்கும் போர்ட்டுக்கு யார் சாட்சி?

ஒரு சின்ன லினக்ஸ் போர்ட்டை உறங்க வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கெர்னல் திறந்து வைத்திருக்கும் 'ஸ்டேட்' என்ற கோப்புக்குள் 'மெம்' என்று எழுதினால் போதும். திரை அணையும், செயலி நிற்கும், கடிகாரத் துடிப்புகள் ஒவ்வொன்றாக ஓயும். நினைவகம் மட்டும் தன்னிடம் இருப்பதைத் தானே புதுப்பித்துக்கொண்டு மிகக் குறைந்த மின்னோட்டத்தில் உயிரோடு கிடக்கும். இதைத்தான் சஸ்பெண்ட் என்கிறார்கள். பிறகு பொத்தானை அமத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அது ரெஸ்யூம்.

தொடராவிட்டால்தான் கதை தொடங்குகிறது. திரையில் ஒன்றும் இல்லை. சீரியல் கொன்சோலில் ஒரு எழுத்தும் வராது. பிளக்கைக் கழற்றி மறுபடி போட்டு, பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தால், உறங்கப் போகிறேன் என்று சொன்ன வரியோடு அது முடிந்திருக்கும். ஏனென்றால் பதிவை எழுத வேண்டிய சேமிப்பகமும் அப்போது உறக்கத்தில். வீட்டில் களவு போயிருக்கு, இருந்த எல்லாரும் நித்திரை. யாரிடம் போய்க் கேட்பது?

மென்பொருள் பிழைகளில் பெரும்பாலானவை பிடிபடும்போது ஏதாவது ஒரு தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகும். இந்த வகைப் பிழை தடயம் பதியும் இடத்தையே அணைத்துவிட்டு நடக்கிறது. அதனால் சஸ்பெண்டின் வரலாற்றை எழுதுவதென்றால், எந்த வருடம் எந்த அம்சம் வந்தது என்ற பட்டியலைவிட, இயந்திரம் உறங்கும்போது விழித்திருந்தது யார், அவர் கண்டதை எங்களுக்குச் சொன்னாரா என்று கேட்டுக்கொண்டு போவதே பொருத்தம் என்று நாங்கள் நினைக்கிறோம். இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. விழித்திருக்கிறவர் யாருடைய ஆள்?

முதலில் பி.சி. பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். 1992இல் இன்டெலும் மைக்ரோசொப்டும் சேர்ந்து ஏ.பி.எம். என்ற ஏற்பாட்டை வெளியிட்டன. அதில் உறங்க வைப்பதும் எழுப்புவதும் பயோஸின் வேலை. இயங்குதளம் கேட்டுக்கொள்ளலாம், சில வேளை மறுக்கலாம், அவ்வளவுதான். 1996 டிசம்பரில் அதே இரண்டு கம்பனிகளோடு தோஷிபாவும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ.யைக் கொண்டுவந்தது. இப்போது முடிவெடுப்பது இயங்குதளம். ஆனால் எப்படிச் செய்வது என்ற குறிப்பை லப்டொப் தயாரித்த கம்பனி தன் மொழியில் எழுதி உள்ளே வைத்திருக்கும். அந்தக் குறிப்பில் பிழை இருந்தால், லினக்ஸ் பாவிக்கிறவர் பாடு திண்டாட்டம்தான். 2000களில் லினக்ஸ் லப்டொப் வைத்திருந்தவர்களுக்கு இது நல்லாய் விளங்கும். மூடியைத் திறந்தால் கறுப்புத் திரை. உண்மையில் இயந்திரம் எழும்பியிருக்கும், காட்சி அட்டையை மட்டும் யாரும் மறுபடி தயார்படுத்தியிருக்க மாட்டார்கள். உயிர் இருக்கிறதா என்று பார்க்க அப்போது ஒரு வழி இருந்தது: கப்ஸ் லொக் விசையை அமத்தி அதன் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. மூக்கில் பஞ்சு வைத்துப் பார்க்கிற மாதிரி.

சின்னப் போர்ட்டுகளின் உலகில் பயோஸும் இல்லை, ஏ.சி.பி.ஐ.யும் இல்லை. எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும். அதில் ஒரு வசதியும் இருந்தது.

1990களின் பிற்பகுதியில் டிஜிட்டல் நிறுவனத்தின் ஸ்ட்ரோங்ஆர்ம் சிப் வந்தது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் அந்த நிறுவனத்துக்கு இருந்த ஆய்வுகூடத்தில் 'இட்சி' என்ற கையடக்கக் கணினியைச் செய்து, அதில் லினக்ஸை ஓட விட்டார்கள். பிறகு டிஜிட்டலை கொம்பாக் வாங்கியது, சிப்பை இன்டெல் வாங்கியது. 2000இல் கொம்பாக்கின் ஐபாக் எச்3600 சந்தைக்கு வந்தது. 206 மெகாஹேர்ட்ஸ் ஸ்ட்ரோங்ஆர்ம், 32 மெகாபைட் நினைவகம். கடையில் வாங்கும்போது உள்ளே இருந்தது மைக்ரோசொப்டின் மென்பொருள். கொம்பாக்கின் ஆய்வுகூடத்து ஆட்களே அதில் லினக்ஸைப் போடுகிற வழியை வெளியே திறந்து விட்டார்கள். எக்ஸ் விண்டோவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் இந்தக் கதையில் இன்னொரு தடவையும் வருவார். கொஞ்ச நாளில் ஷார்ப் நிறுவனம் ஸோரஸ் எஸ்.எல்.-5500 என்ற கருவியைத் தொழிற்சாலையிலிருந்தே லினக்ஸோடு அனுப்பியது. அதுவும் இதே சிப் குடும்பம்.

ஸ்ட்ரோங்ஆர்ம் உறங்குகிற விதம் விசித்திரமானது. செயலிக்குப் போகிற மின்சாரத்தை அனேகமாக முழுதாகவே நிறுத்திவிடும். அதனால் எழும்புவது என்பது அதைப் பொறுத்தவரை எழும்புவதே இல்லை, புதிதாகப் பிறப்பது. பொத்தான் அமத்தியதும் சிப் பூச்சிய முகவரியிலிருந்து, அதாவது பூட்லோடரின் முதல் கட்டளையிலிருந்து தொடங்கும். தான் யார், இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற எந்த ஞாபகமும் இல்லை. இரண்டே இரண்டு தடயங்கள் மட்டும் மிஞ்சும். ஒரு ரெஜிஸ்டர், ரீசெட் ஏன் நடந்தது என்று சொல்லும்: மின்சாரம் புதிதாக வந்ததா, கண்காணிப்புக் கடிகாரம் உதைத்ததா, உறக்கத்திலிருந்து எழும்பியதா. இன்னொரு ரெஜிஸ்டர் 32 பிட் அகலமான ஒரு துண்டுச் சீட்டு. உறங்கப் போகுமுன் கெர்னல் அதில் ஒரு முகவரியை எழுதி வைக்கும். எழும்பினால் இங்கே வா என்று.

பூட்லோடர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். காரணத்தைப் பார். உறக்கம் என்றால் நினைவகத்தைத் தொடாதே, சீட்டில் உள்ள முகவரிக்குப் பாய். ஆனால் இதில் எத்தனை இடத்தில் வழுக்கலாம் என்று பாருங்கள். பூட்லோடர் காரணத்தைப் பார்க்க மறந்தால் கருவி முழுதாக மறுபடி தொடங்கும். பார்க்குமுன்பே நினைவகத்தைத் தயார்படுத்தத் தொடங்கினால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். கெர்னல் தனக்குப் பழக்கமான மெய்நிகர் முகவரியைச் சீட்டில் எழுதினால், எழும்பும் நேரத்தில் முகவரிகளை மொழிபெயர்க்கும் அலகு அணைந்திருக்கும் என்பதால் சிப் எங்கேயோ பாய்ந்து செத்துவிடும். மூன்றுக்கும் வெளியே தெரிகிற அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றுதான்: சத்தம் இல்லை.

அந்தக் காலத்து ஆட்கள் கண்டுபிடித்த சாட்சி ஓர் எல்.இ.டி. அதை எரிய விடுவதற்கு ட்ரைவர் வேண்டாம், கொன்சோல் வேண்டாம், ஒரு முகவரியில் ஒரு பிட்டை எழுதினால் போதும். பூட்லோடரின் தொடக்கத்தில் எரிய விட்டுப் பார்ப்பார்கள். எரிந்தால் அந்தக் கட்டளையைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி பார்ப்பார்கள். எரியாத இடம் வரும்வரை இப்படியே. மினக்கெட்ட வேலைதான். ஆனால் இன்றைக்கும் புதிய போர்ட் ஒன்றை எழுப்பப் பார்க்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். அலைகாட்டி வைத்திருப்பவர்கள் எல்.இ.டி.க்குப் பதிலாக அந்த முனையின் மின்னழுத்தத்தைப் பார்ப்பார்கள். அது மட்டும்தான் வித்தியாசம்.

எங்களுக்கு இந்தக் கதை முழுவதிலும் அதிகம் பிடித்த பகுதி 2006இல் நடந்தது. அது ஒரு போர்ட்டில் நடக்கவில்லை, மேசைக் கணினியில் நடந்தது. ஆனாலும் சாட்சியைத் தேடுவது என்றால் என்ன என்று இதைவிட வடிவாகக் காட்டுகிற சம்பவம் வேறு இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் தன்னுடைய மக் மினியைச் சஸ்பெண்ட் செய்து எழுப்பப் பார்த்தார். எழும்பவில்லை. எந்த ட்ரைவரில் தொங்குகிறது என்று தெரிய வேண்டும். தொங்கிய பிறகு மின்சாரத்தை நிறுத்தித்தான் மறுபடி தொடங்க முடியும். அப்படி நிறுத்தினால் நினைவகம் அழிந்துவிடும். அப்போ எதுதான் அழியாமல் இருக்கும்?

ஒன்று இருக்கிறது. நேரத்தைக் காட்டும் கடிகாரச் சிப். அதற்குத் தனிப் பற்றரி. அந்தச் சிப்புக்குள் தரவு வைத்திருப்பதற்கென்றே 114 பைட் இடமும் உண்டு. ஆனால் பி.சி. தொடங்கும்போது பயோஸ் அதைத் துடைத்துப்போடும். பயோஸ் கை வைக்காமல் விடுகிற ஒரே பொருள் நேரம்தான். சரி, நேரத்துக்குள்ளேயே எழுதுவோம் என்று முடிவெடுத்தார்.

விநாடியைப் பாவிக்க முடியாது, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடத்தையும் முழுதாக நம்ப முடியாது, மூன்று மூன்று நிமிடமாக எடுத்தால் 20 பெறுமதிகள் கிடைக்கும். மணி 24. நாள் 28, ஏனென்றால் எந்த மாதத்திலும் 28ஆம் திகதி வரை கட்டாயம் இருக்கும், பிழையான திகதியைக் கண்டால் பயோஸ் குழம்பும். மாதம் 12. வருடம் 100. எல்லாவற்றையும் பெருக்கினால் 1 கோடியே 61 இலட்சத்து 28 ஆயிரம். 24 பிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ட்ரைவரின் பெயரை எழுதக்கூட இது போதாது. அதனால் பெயரை எழுதாமல் பெயரிலிருந்து பிழிந்தெடுத்த ஒரு சிறு எண்ணை, ஹாஷை, எழுதினார். கோப்புக்கு 997 பெறுமதி, சாதனத்துக்கு 1009, மிச்சத்தில் 16 பெறுமதி பாவனையாளருக்கு. பெருக்கிப் பாருங்கள், அளவுக்குள் அடங்கும்.

இப்படி ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்புமுன் கடிகாரத்தில் அதன் எண்ணை எழுதிவிட்டுத் தொடரும். தொங்கினால் நீங்கள் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி தொடங்க வேண்டும். தொடங்கியதும் கெர்னல் கடிகாரத்தைப் படித்து, இருக்கிற சாதனங்களின் பெயர்களையெல்லாம் மறுபடி பிழிந்து பார்த்து, பொருந்துகிறதை அறிவிக்கும். சில வேளை இரண்டு மூன்று பொருந்தும், அதில் எது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். கணினியின் திகதி எங்கேயோ எதிர்காலத்துக்கோ கடந்த காலத்துக்கோ போயிருக்கும், அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். அசிங்கமான வேலை என்று குறிமுறையின் குறிப்பிலேயே அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் வேலை செய்கிறது. இன்றைய கெர்னலிலும் அது இருக்கிறது.

சின்னப் போர்ட்டுகளுக்கு இந்த வழி அப்படியே உதவாது. பல போர்ட்டுகளில் பற்றரியுள்ள கடிகாரமே கிடையாது. மின்சாரம் போய் வந்தால் 1970 ஜனவரி 1 என்று காட்டும். அதனால் வேறு சாட்சிகள் வந்தன. கொன்சோலை உறங்க விடாதே என்று கெர்னலுக்குச் சொல்லும் ஒரு தொடக்கக் கட்டளை இருக்கிறது, நாங்கள் பார்த்தவரை முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது அதைத்தான். நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, சூடான ரீசெட்டுக்குப் பிறகும் அங்கே கடைசி வரிகள் மிஞ்சுமாறு செய்யும் 'ராம்ஊப்ஸ்' இருக்கிறது. 2008 வாக்கில் ரஃபேல் விசொட்ஸ்கி சேர்த்த சோதனை முறை இன்னும் புத்திசாலித்தனமானது. உறக்கத்தை ஐந்து படியாகப் பிரித்து, எந்தப் படிவரை போக வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். நிரல்களை உறைய வைப்பதோடு நில். சாதனங்களை அணைப்பதோடு நில். இப்படி ஒவ்வொரு படியிலும் ஐந்து விநாடி நின்றுவிட்டுத் திரும்பி வரும். எந்தப் படியிலிருந்து திரும்பி வரவில்லையோ பிழை அங்கே. இருட்டு அறைக்குள் ஒரே பாய்ச்சலில் போகாமல் வாசலில் ஒரு கால் வைத்துப் பார்க்கிற முறை.

இப்ப ஜிம் கெட்டிஸ் மறுபடி வருகிறார். 2005இல் நிக்கொலஸ் நெக்ரொபொன்ட்டே 100 டொலர் லப்டொப் என்று அறிவித்த திட்டம் 2007 நவம்பரில் எக்ஸ்.ஓ.-1 என்ற பச்சை வெள்ளை இயந்திரமாகத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. விலை 188 டொலர் அளவுக்கு ஏறியிருந்தது. கெட்டிஸ் அதன் மென்பொருளுக்குப் பொறுப்பாக இருந்தார். 433 மெகாஹேர்ட்ஸ் செயலி, 256 மெகாபைட் நினைவகம். மின்சாரம் இல்லாத ஊர்ப் பள்ளிக்கூடங்களை நினைத்துச் செய்தது என்பதால் சஸ்பெண்ட் இங்கே ஒரு வசதி அல்ல, திட்டத்தின் உயிர்நாடி. ஒரு பிள்ளை பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் செயலி உறங்க வேண்டும், விசை ஒன்றை அமத்தியதும் பிள்ளைக்குத் தெரியாமல் எழும்ப வேண்டும். இரண்டு விசை அமத்துவதற்கு இடையிலேயே உறங்கி எழும்பலாமே என்பதுதான் கனவு.

அதற்காக இரண்டு சாமான்களை விழித்திருக்க வைத்தார்கள். மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த திரையோடு டி.கொன் என்ற சிப் வந்தது. செயலி உறங்கினாலும் அது கடைசிப் படத்தைத் தன் நினைவில் வைத்துத் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, மார்வெல் நிறுவனத்தின் வயர்லெஸ் சிப். அதற்குள் சொந்தமாக ஓர் ஆர்ம் செயலி. ஒரு பிள்ளையின் லப்டொப் உறங்கினாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் செய்தியை அடுத்த வீட்டுக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். யோசித்துப் பார்த்தால் அபாரமான வடிவமைப்பு.

நடைமுறையில் சிக்கல் யு.எஸ்.பி.யில் வந்தது. வயர்லெஸ் சிப் யு.எஸ்.பி. வழியாக இணைக்கப்பட்டிருந்தது. யு.எஸ்.பி. நியமப்படி எழுப்பும் சமிக்ஞையே குறைந்தது 20 மில்லிவிநாடி நீடிக்க வேண்டும், அதற்குப் பிறகு சாதனத்தை அடையாளம் காணும் சடங்குகள். மேசைக் கணினிகளுக்காக எழுதப்பட்ட ட்ரைவர்களில் 'கொஞ்சம் பொறு' என்ற கட்டளைகள் தாராளமாகக் கிடந்தன. அவசரம் யாருக்கும் இருந்ததில்லை. விசை இடைவெளியில் உறங்கும் கனவு முதல் வந்த மென்பொருளில் நனவாகவில்லை. தானாக உறங்குவது பின்னாளில் பாவனையாளர் விரும்பினால் போட்டுக்கொள்ளும் ஒன்றாக வந்தது.

நாங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி எழுவதும் இங்கேதான். விழித்திருந்த அந்த வயர்லெஸ் சிப்பின் உள் மென்பொருள் மூடியது. பொத்தானையும் பற்றரியையும் கவனிக்கும் சிறு கட்டுப்படுத்தியின் மென்பொருளும் மூடியதே. 2006இலேயே ஓப்பன்பி.எஸ்.டி.யின் தியோ டி ராட் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார், திறந்த கணினி என்று சொல்லிவிட்டு மூடிய சிப்பை உள்ளே வைப்பதா என்று. திட்டத்துக்காரர் பக்கத்திலும் நியாயம் இருந்தது: உறக்கத்தில் வலைப்பின்னலை நடத்தக்கூடிய வேறு சிப் அப்போது கைக்கு எட்டவில்லை. எங்கள் அபிப்பிராயம் டி ராட் பக்கம் கொஞ்சம் சாயும். எழும்பாத லப்டொப்பின் ஒரே சாட்சி வாய் திறக்க முடியாதவராக இருந்தால், அதைத் திருத்தப் பார்ப்பவர் ஊகத்தில்தான் வேலை செய்ய வேண்டும்.

இதே காலத்தில் உங்கள் பொக்கற்றில் இருக்கும் பொருளின் கதையும் நடந்துகொண்டிருந்தது. 2008 ஒக்டோபரில் முதல் அண்ட்ரொய்ட் தொலைபேசி வந்தது. அதன் கொள்கை எளிமையானது: யாரும் தடுக்காவிட்டால் உடனே உறங்கு. தடுப்பதற்கு 'வேக்லொக்' என்ற பூட்டு. அழைப்பு வந்து, ட்ரைவர் அதை மேலே சொல்லி, செயலி மணியடிக்கும்வரை யாராவது ஒருவர் பூட்டைப் பிடித்திருப்பார்கள். இல்லாவிட்டால் அழைப்பு வந்த அதே கணத்தில் தொலைபேசி உறங்கப் போய்விடலாம். மெய்யான பிரச்சினைதான். கூகிளின் ஆர்வே ஹ்யொன்னெவோக் 2009இல் இதைக் கெர்னலுக்கு அனுப்பினார். 2010இல் நூற்றுக்கணக்கான மடல்களில் சண்டை நடந்தது. பாவனையாளர் எழுதும் நிரல் எதுவும் முழு இயந்திரத்தையும் விழித்திருக்க வைக்கலாமா என்பது ஒரு எதிர்ப்பு. நோக்கியா பாவித்த ஓமாப் சிப்புக்காரர்கள் இன்னொரு விதமாகச் சொன்னார்கள்: முழு உறக்கம் எதற்கு, வேலையில்லாத நேரத்தில் செயலியை ஆழமாக இளைப்பாற விட்டாலே அதே மிச்சம் கிடைக்குமே.

சண்டையின் நட்டம் வேறு இடத்தில் விழுந்தது. வேக்லொக் கெர்னலில் இல்லாததால் அதைக் கூப்பிடுகிற தொலைபேசி ட்ரைவர்களையும் சேர்க்க முடியவில்லை. 2010 பெப்ரவரியில் வந்த 2.6.33இல் அண்ட்ரொய்ட் குறிமுறை பரிசோதனைப் பகுதியிலிருந்தும் நீக்கப்பட்டது. பழைய தொலைபேசிக்குப் புதிய கெர்னல் கிடைப்பது இன்றைக்கும் ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு, அந்தப் பிரிவும் அதில் ஒன்று. அதே வருட ஒக்டோபரில் விசொட்ஸ்கி ஒரு நடுவழி கொண்டுவந்தார். எழுப்பும் நிகழ்வுகளுக்கு ஒரு எண்ணிக்கை. உறங்குமுன் அதைப் படி, திருப்பி எழுது, இடையில் அது மாறியிருந்தால் எழுத விடாது, யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். 2012இல் 3.5இல் வேக்லொக் மாதிரியான ஒன்று வேறு பெயரில் உள்ளே வந்தது. இவ்வளவு சண்டைக்குப் பிறகு!

போர்ட்டுகளுக்கு வருவோம். சாதனங்களை எந்த ஒழுங்கில் அணைப்பது? 2000களின் தொடக்கத்தில் பட்ரிக் மொச்செல் கெர்னலில் சாதனங்களை ஒரு மரமாக அடுக்கியதற்கு முக்கிய காரணமே இந்தக் கேள்விதான். பிள்ளையை முதலில் உறங்க வை, பிறகு தாயை. எழுப்பும்போது மறுதலையாக. பி.சி.க்கு இது நல்லாய்ப் பொருந்தியது. போர்ட்டில் பொருந்தவில்லை. எஸ்.டி. அட்டைக்கு மின்சாரம் கொடுப்பது மின்சார மேலாண்மைச் சிப். அந்தச் சிப்போடு கதைப்பது ஐ2சி கம்பி. ஐ2சி கட்டுப்படுத்தி அட்டைக்குத் தாயும் இல்லை, உறவும் இல்லை, மரத்தின் வேறு கொப்பில் இருக்கிறது. அது முதலில் உறங்கிவிட்டால் அட்டைக்கு மின்சாரம் போட யாரும் இல்லை. உறங்கியிருக்கும் ஐ2சியை யாராவது கூப்பிட்டால் இப்போதெல்லாம் கெர்னல் எச்சரிக்கை அச்சிடும். உங்கள் போர்ட்டில் அந்த வரியைக் கண்டால் சந்தோஷப்படுங்கள், சாட்சி கிடைத்துவிட்டது. மரத்துக்குக் குறுக்கே இப்படிப்பட்ட உறவுகளைக் கெர்னலுக்குச் சொல்லும் முறையான வழி 2017இல், 4.10இல்தான் வந்தது.

இன்னும் ஆழமான சிக்கல் நினைவகத்தில் இருக்கிறது. 2013இல் 45 டொலருக்கு வந்த பீகிள்போன் பிளக்கை எடுத்துக்கொள்வோம். அதன் வரைபடங்கள் எல்லாருக்கும் திறந்தவை, சிப்பின் கைநூலும் அப்படியே. ஆனாலும் முழு உறக்கம் அதிகாரபூர்வக் கெர்னலுக்குள் வர 2018 ஆயிற்று. காரணம் இதுதான்: உறங்குமுன் கடைசி வேலை, நினைவகத்தைத் தானே புதுப்பிக்கும் நிலைக்கு அனுப்புவது. அந்தக் கணத்திலிருந்து நினைவகத்தைப் படிக்க முடியாது. அந்த வேலையைச் செய்யும் கட்டளைகளோ நினைவகத்தில்தான் இருக்கின்றன. நுனிக்கொப்பில் இருந்துகொண்டு அடிக்கொப்பை வெட்டுகிற கதை. அதனால் அந்தச் சின்னத் துண்டுக் குறிமுறையைச் சிப்புக்குள் இருக்கும் எஸ்ராமுக்கு முன்கூட்டியே பிரதி எடுத்து, அங்கிருந்து ஓட வேண்டும். அதற்குள்ளே நினைவகத்தில் உள்ள எந்த மாறியையும் தொடக்கூடாது. ஒரு இடத்தில் தொட்டாலும் போச்சு.

அதற்குப் பிறகு பிரதான செயலியின் மின்சாரத்தை யார் நிறுத்துவது? தன்னைத்தானே நிறுத்த முடியாது. அதற்காகச் சிப்புக்குள் இன்னொரு குட்டிச் செயலி, கோர்டெக்ஸ் எம்3. 16 கிலோபைட் குறிமுறை, 8 கிலோபைட் தரவு, அவ்வளவுதான் அதன் வீடு. போர்ட் உறங்கும்போது விழித்திருக்கும் காவற்காரர் அவர்தான். லினக்ஸ் அவருக்குரிய உள் மென்பொருளை ஏற்றி, எந்த அளவு உறக்கம் என்று சொல்லி அனுப்பும். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் போர்ட் உறங்கவே மாட்டாது. இங்கே நல்ல விஷயம், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அந்தக் காவற்காரரின் மூலக் குறிமுறையை வெளியிட்டது. எழும்பாத போர்ட்டை வைத்திருப்பவர் அதற்குள்ளேயே ஒரு வரியைச் சேர்த்துத் தடயம் விட முடிந்தது.

ராஸ்பெரி பை வாங்கிச் சூரிய மின்கலத்தில் ஓட்டப் பார்க்கிற மாணவர்கள் கேட்கிற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. பீகிள்போனில் இருப்பது போன்ற ஏற்பாடு 2012இன் முதல் பையில் இல்லை, பின்னால் வந்த பலவற்றிலும் இல்லை. முழுதாக அணைக்கலாம், முழுதாக ஓட்டலாம், நடுவில் உறக்கம் கிடையாது. லினக்ஸில் ஏதோ அமைப்பை மாற்றினால் வரும் என்று தேடி இரவுகளைக் கழிக்க வேண்டாம். பற்றரியில் மாதக்கணக்கில் இருக்க வேண்டிய வேலை என்றால், தொடக்கத்திலேயே உறங்கத் தெரிந்த போர்ட்டைத் தெரிவு செய்யுங்கள், அல்லது மின்சாரத்தை வெட்டி விட ஒரு தனிச் சிறு கட்டுப்படுத்தியை வையுங்கள்.

அடுத்த தலைமுறை 64 பிட் ஆர்ம் சிப்புகளில் காற்று மறுபடி திசை மாறியது. பி.எஸ்.சி.ஐ. என்ற நியமம் வந்து, உறங்க வைக்கும் பொறுப்பைக் கெர்னலிடமிருந்து எடுத்துக் கீழே உள்ள உள் மென்பொருளிடம் கொடுத்தது. கெர்னல் இப்போது ஒரு அழைப்பு விடும், அவ்வளவுதான். ஒவ்வொரு சிப்புக்கும் தனிக் குறிமுறை எழுதும் தொல்லை குறைந்தது உண்மை. அதே நேரம் ஏ.பி.எம். காலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது போலவும் இருக்கிறது. உள் மென்பொருளின் திறந்த வடிவம் 2013இலிருந்து கிடைக்கிறது, ஆனால் பல கம்பனிகள் தங்கள் போர்ட்டோடு தருவது அதன் மூடிய பொதி.

2020இல் வந்த பைன்ஃபோனில் இந்தப் பிரச்சினை அப்படியே தெரிந்தது. ஆல்வின்னர் ஏ64 சிப், லினக்ஸ், திறந்த தொலைபேசி என்ற ஆசை. ஆனால் பற்றரி சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும், ஏனென்றால் உறங்கத் தெரியவில்லை. ஏ64க்குள்ளும் ஒரு காவற்காரர் இருக்கிறார், ஓப்பன்ரிஸ்க் வகைக் குட்டிச் செயலி. ஆல்வின்னர் அதற்கு எழுதிய மென்பொருள் மூடியது. சாமுவேல் ஹொலன்ட் என்ற நிரலாளர் அதற்குப் பதிலாக 'க்ரஸ்ட்' என்ற திறந்த உள் மென்பொருளை எழுதினார். லினக்ஸ் உறங்கச் சொல்லும், நடுவில் உள்ள திறந்த உள் மென்பொருள் அதைக் கடத்தும், க்ரஸ்ட் நினைவகத்தைப் படுக்க வைத்து, செயலியின் மின்சாரத்தை நிறுத்தி, மோடமோ பொத்தானோ தட்டும்வரை எஸ்ராமுக்குள் இருந்து காவல் காக்கும். பற்றரி நாள் முழுக்க நிற்கத் தொடங்கியது. அழைப்பு வந்து தொலைபேசி எழும்புமுன் எதிர்முனை வைத்துவிடுகிற தொல்லை வேறு கதை, அதில் யு.எஸ்.பி. மோடமின் பங்கு எக்ஸ்.ஓ.-1ஐ அறிந்தவர்களுக்குப் பழகியதாகவே இருக்கும்.

க்ரஸ்டிலும் எழும்பாத நாட்கள் வரும். அதற்காக ஹொலன்ட் ஒரு பிழைதேடும் வசதியை வைத்திருக்கிறார். உறங்கும்போதும் எழும்பும்போதும் ஒவ்வொரு படியின் எண்ணையும் மின்சாரம் போகாத ஓரிடத்தில் எழுதிக்கொண்டே போகும். தொங்கினால் மறுபடி தொடங்கி, கடைசி எண்ணைப் படித்து, மூலக் குறிமுறையைத் திறந்து, அந்தப் படி எது என்று யாரும் பார்க்கலாம். அந்த எண்ணை அவர் எழுதுகிற இடம் கடிகாரத்தின் ரெஜிஸ்டர். இந்த முறை நேரத்தைக் கெடுக்கத் தேவையில்லை, பக்கத்திலேயே வெறும் இடம் இருக்கிறது, அதைத் துடைக்க ஒரு பயோஸும் இல்லை.